ரேடியோவில் ரீங்காரம் ஏன்?

மாணவர்களே, பாட்டரியில் தெளிவாகப் பாடும் டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பழைய அடாப்டர் ஒன்றின் வழியாக வீட்டு மின்சாரத்தில் இணைத்துப் பாருங்கள். சில சமயம் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் ஒலி விடாமல் கேட்கும். நிலையத்தை மாற்றினாலும் அது மாறாது. அது எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். விநாடிக்கு 50 முறை அது முன்னும் பின்னுமாக அலைகிறது. ரேடியோவுக்கு வேண்டியதோ பாட்டரி தருவது போன்ற நேர்திசை மின்னோட்டம். ஆகவே, அடாப்டரில் உள்ள மின்மாற்றி முதலில் 230 வோல்ட்டை 9 வோல்ட் அளவுக்குக் குறைக்கிறது. பிறகு நான்கு டையோடுகள் மின்னோட்டத்தை ஒரே திசையில் செலுத்துகின்றன. திசை ஒன்றாகிவிட்டது, ஆனால் அளவு நிலையாகவில்லை. சுழியிலிருந்து உச்சிக்கு ஏறி, மீண்டும் சுழிக்கு இறங்கும் மேடுகளாக, விநாடிக்கு 100 முறை வருகிறது. விநாடிக்கு 100 அதிர்வுகள் நம் காதுக்குக் கேட்கும். அதுவே அந்த ரீங்காரம்!

இந்த மேடு பள்ளத்தை எப்படிச் சமன் செய்வது? ஆர்மோனியம் வாசிப்பவரைக் கவனியுங்கள். கை துருத்தியை விட்டுவிட்டுத்தான் அழுத்துகிறது, சுரம் அறுபடுவதில்லை. உள்ளே இன்னொரு துருத்தி இருப்பதே காரணம். வெளித்துருத்தி தள்ளும் காற்று அதில் சேர்ந்து, வில்லின் அழுத்தத்தால் சீராக வெளியேறுகிறது. சேர்ந்த காற்று திரும்பிப் போகாமல் அடைப்பிதழ்கள் தடுக்கின்றன. அடாப்டரில் அடைப்பிதழ்களின் வேலையைச் செய்பவை டையோடுகள்; உள்துருத்தியின் வேலையைச் செய்வது மின்தேக்கி.

மின்னழுத்தம் உச்சிக்கு ஏறும்போது மின்தேக்கி மின்னூட்டம் பெறுகிறது. இறங்கும்போது அதை ரேடியோவுக்கு வழங்குகிறது. வழங்க வழங்க அதன் மின்னழுத்தம் சற்றுக் குறையும். அடுத்த மேடு வந்து நிரப்பும். எஞ்சும் இந்த ஏற்ற இறக்கமே 'சிற்றலை'.

அதன் அளவை நீங்களே ஏறக்குறையக் கணக்கிடலாம். மின்னோட்டத்தை மேடுகளுக்கு இடையிலான காலத்தால் பெருக்கி, மின்தேக்குத் திறனால் வகுக்க வேண்டும். ரேடியோ எடுப்பது 0.1 ஆம்பியர், காலம் 0.01 விநாடி, மின்தேக்கி 1000 மைக்ரோ ஃபாரடு, அதாவது 0.001 ஃபாரடு என்க.

0.1 × 0.01 ÷ 0.001 = 1 வோல்ட்.

4700 மைக்ரோ ஃபாரடு போட்டால் இது சுமார் 0.2 வோல்ட்டாகக் குறையும். அப்படியானால் மிக மிகப் பெரிய மின்தேக்கியைப் போட்டுவிடலாமே? கூடாது. சிற்றலை குறையக் குறைய, மின்தேக்கி நிரம்பக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. அதே மின்னூட்டம் மேட்டின் உச்சியில் நொடிப்பொழுதில் பாய்ந்தாக வேண்டும். அந்த வேகத்தை டையோடுகள் தாங்க வேண்டுமல்லவா?

பெரிய மின்தேக்கியின் அருகில் 0.1 மைக்ரோ ஃபாரடு அளவுள்ள சிறு பீங்கான் மின்தேக்கி ஒன்றையும் வைப்பது வழக்கம். மிக்ஸி ஓடும்போது எழும் 'கரகர' ஒலி மிக வேகமான அதிர்வுகளால் ஆனது. பெரிய மின்தேக்கியின் சுருட்டிய தகடுகளும் கம்பிகளும் அவ்வதிர்வுகளுக்குத் தடையாகின்றன. சின்னது அவற்றை எளிதில் உள்வாங்கிக் கொள்கிறது. பெரியது மெதுவான அலைக்கு. சிறியது விரைவான அலைக்கு.

இன்றைய கைபேசி சார்ஜர் உள்ளங்கைக்குள் அடங்குவதன் ரகசியமும் நம் கணக்கிலேயே உள்ளது. அது மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டாடுகிறது. காலம் குறைகிறது, வெளியீட்டுப் பக்கத்தில் சிறிய மின்தேக்கியே போதுமானதாகிறது.

ஓர் எச்சரிக்கை. சார்ஜரையோ அடாப்டரையோ திறந்து பார்க்காதீர்கள். சார்ஜரின் உள்ளே ஒரு மின்தேக்கி சுமார் 325 வோல்ட் வரை ஏறி நிற்கிறது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அதிர்ச்சி தரக்கூடும். சேர்த்து வைப்பதுதானே அதன் குணம்! சில அடாப்டர்களைப் பிடுங்கிய பின்னும் அவற்றின் சிறு விளக்கு மெல்ல மெல்ல அணைவதைப் பாருங்கள். மின்தேக்கி தன் கடைசிச் சேமிப்பைச் செலவிடுவதை அங்கே காணலாம்.