பானெட்டில் ஒரு காற்று வாய்

“அண்ணே, பானெட்டை வெட்டி ஒரு ஸ்கூப் வைக்கணும்” என்று சேலம் அம்மாபேட்டையில் டிங்கரிங் பட்டறைக்குக் காரைக் கொண்டுவரும் இளைஞரிடம், பட்டறைக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “உள்ளே வர்ற காத்து எங்கே போகணும் தம்பி?” இதற்குப் பதில் கிடைக்காதவரை கிரைண்டரைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

ஸ்கூப் என்பது பானெட்டின் மேல் புடைத்து நிற்கும் காற்று வாய். பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் வண்டியைப் பார்த்தவர்களுக்கு அது மறந்திருக்காது. சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டி விற்கப்பட்ட மிட்சுபிஷி வண்டி அது. 2009-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஃபார்ச்சூனரின் 3 லிட்டர் டீசலிலும் அதே அமைப்பு இருந்தது. இந்த வண்டிகளில் ஸ்கூப் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. அதற்கு நேர் கீழே, எஞ்சினின் தலைமேல், இன்டர்கூலர் படுத்திருக்கும். டர்போ காற்றை அமுக்கும்போது அந்தக் காற்று 100 டிகிரியையும் தாண்டிச் சூடாகிவிடும். சூடான காற்று விரிந்து மெலிந்திருக்கும், அதில் ஆக்சிஜன் குறைவு. எஞ்சினுக்குள் போகும் முன் அதைக் குளிர வைப்பதுதான் இன்டர்கூலரின் வேலை. அதன் மேல் வெளிக்காற்றைப் பாய்ச்சுவது ஸ்கூப்பின் வேலை. ராலிப் பந்தயங்களில் பெயர் வாங்கிய சுபாரு இம்ப்ரெசாவின் மூக்கில் இருக்கும் ஓட்டையும் இதற்காகத்தான்.

டர்போ இல்லாத பெட்ரோல் காருக்கு ஸ்கூப் வைத்தால் என்ன ஆகும்? வேகத்தில் காற்று மோதி எஞ்சினுக்குள் அழுத்தத்தோடு இறங்கும், சக்தி கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காற்று, வாயில் முழுதாக நின்றுவிட்டால்கூட, தரக்கூடிய கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ 460 பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். லாபம் அரை சதவீதம்கூட இல்லை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது அது 40 பாஸ்கல் அளவுக்குச் சுருங்கிவிடும். எஞ்சினுக்கு நிஜமாகவே சக்தி தேவைப்படும் இடத்தில் அழுத்தம் கைகொடுப்பதில்லை.

கைகொடுப்பது குளிர்ச்சி. எஞ்சின் இழுக்கும் காற்று 50 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு இறங்கினால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். அழுத்தம் தருவதைப் போல ஆறேழு மடங்கு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போதைய கார்கள் பலவும் முன் கிரில்லுக்குப் பின்னாலிருந்தே வெளிக்காற்றை இழுத்துக்கொள்கின்றன. உங்கள் காரின் ஏர் ஃபில்டர் குழாய் எங்கிருந்து தொடங்குகிறது என்று பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். அது முன்பக்கம் திறந்திருந்தால், ஸ்கூப் உங்களுக்குப் புதிதாக எதையும் தரப்போவதில்லை. எஞ்சின் வெக்கைக்குள்ளேயே மூச்சு வாங்கும் பழைய வண்டி என்றால் பலன் உண்டு.

எங்கே வைப்பது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. பானெட்டின் தோலை ஒட்டி ஓடும் காற்று மந்தமானது. முன் கண்ணாடியை நெருங்கும்போது அந்த மந்தமான படலம் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத் தடித்துவிடும். அதனால்தான் பந்தய வண்டிகளின் ஸ்கூப்புகள் பானெட்டில் படியாமல் உயர்ந்து நிற்கின்றன. பானெட்டின் முன் விளிம்பைத் தாண்டியதும் காற்று மேல்நோக்கி உறிஞ்சும்; கண்ணாடியின் அடிவாரத்தில் தேங்கி அழுத்தும். காருக்குள் நாம் சுவாசிக்கும் காற்றுக்கான துளைகளை வைப்பருக்குக் கீழே வைத்திருப்பது இதை அறிந்துதான். 1969 ஷெவர்லே கமாரோவில் ஸ்கூப்பின் வாயையே பின்பக்கம், கண்ணாடியை நோக்கித் திருப்பி வைத்தார்கள். அதே ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கில் ஸ்கூப்பை எஞ்சின் மேலேயே பூட்டி, பானெட்டில் ஓட்டை போட்டு வெளியே நீட்டினார்கள். எஞ்சின் அதிர ஸ்கூப்பும் அதிரும்.

இனி வெட்டும் வேலை. பானெட் என்பது ஒற்றைத் தகடு அல்ல. மேலே முக்கால் மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய தோல். அடியில் எலும்புக்கூடு போல விலா விலாவாக அழுத்தி எடுத்த இன்னொரு தகடு. பானெட்டுக்கு விறைப்பைத் தருவது இந்த அடித்தகடுதான். விபத்தில் முறையாக மடங்குவதும், எதிரே நடந்து வருபவரின் தலை மோதினால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும் அதன் பொறுப்பு. ஆகவே மேலே அழகாக இருக்கும் இடத்தைப் பார்த்துக் குறிக்கக் கூடாது. கீழே இரண்டு விலாக்களுக்கு நடுவே காலியான இடத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். லாக் கொக்கிக்கும் கீல்களுக்கும் பக்கத்தில் கை வைக்கவே கூடாது. எஞ்சின் மேல் சில களிமண் உருண்டைகளை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறந்தால், எந்த இடத்தில் எவ்வளவு இடைவெளி என்பதை நசுங்கிய களிமண் சொல்லிவிடும்.

பானெட்டைக் கழற்றி மேசையில் வைத்து வெட்டுவதே உத்தமம். வண்டியிலேயே வைத்துக் கிரைண்டர் ஓட்டினால் தீப்பொறி பறந்து முன் கண்ணாடியில் ஒட்டி, கரும்புள்ளிகளாகவே தங்கிவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுக்கோடு போட்டு, அட்டையில் வெட்டிய மாதிரியை அதன் மேல் வைத்து வரைய வேண்டும். ஓட்டை ஸ்கூப்பைவிடச் சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சிறியதாக இருக்கட்டும். ஒட்டுவதற்கு உதடு வேண்டுமல்லவா? நான்கு மூலைகளிலும் முதலில் டிரில்லால் வட்டத் துளை போடுங்கள். கூர்மையான மூலையிலிருந்துதான் அதிர்வில் விரிசல் கிளம்பும். கட்டிங் வீல் வேகமாக வெட்டும், ஆனால் சூட்டில் மெல்லிய தகடு நெளிந்துவிடும். பொடிப்பல் பிளேடு போட்ட ஜிக்சா நிதானமானது, எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.

வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி, அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். சேலம் உருக்காலையில் வரும் எவர்சில்வர் தகடு அல்ல இது. வெறும் எஃகு வெட்டுவாய். ஒரு மழை போதும், பெயிண்டுக்கு அடியில் துரு ஊர ஆரம்பிக்கும். ஃபைபர் ஸ்கூப்பை வெறும் ரிவெட் அடித்து நிறுத்திவிடாமல் பாலியூரித்தேன் பசையும் சேர்த்து ஒட்டினால் அதிர்வைத் தாங்கும். விளிம்பைப் பட்டி போட்டு மறைத்தால், வெயிலில் ஃபைபரும் எஃகும் வேறு வேறு அளவில் விரிவதால் அந்தப் பட்டி கோடு கோடாக வெடிக்கும். உள்ளே இறங்கும் மழைநீர் ஃபில்டரிலோ மின் இணைப்புகளிலோ விழாமல் திசைதிருப்ப, வடிகால் உள்ள ஒரு தட்டும் கட்டாயம் வேண்டும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வண்டியோடு வந்த பானெட்டை வெட்டாதீர்கள். பழைய உதிரிபாகக் கடையில் அதே மாடலுக்கு இன்னொன்று வாங்கி, அதை வெட்டிப் பாருங்கள். கம்பெனி பானெட்டைத் துணி சுற்றிப் பரணில் போட்டு வையுங்கள், எஃப்.சி.க்குப் போகும்போதும் வண்டியை விற்கும்போதும் அது தேவைப்படும்.