எஞ்சின் பெல்ட் தேய்தலும் அறுதலும்

ஐக்கிய சங்கங்கள் சொந்தமாக டிராக்டரும் சரக்கு வண்டியும் வைத்துக்கொள்வது இக்காலத்தில் அபூர்வமான காரியமன்று. அங்கத்தினர்களின் பாலும் காய்கறியும் நெல்லும் அவ்வண்டிகளை நம்பியே சந்தைக்குச் செல்லுகின்றன. டயர் தேய்ந்தால் எவர் கண்ணுக்கும் தெரியும். எண்ணெய் குறைந்தால் டிரைவர் கோலை எடுத்துப் பார்த்து ஊற்றுவார். ஆனால் பானெட்டின் கீழ், எஞ்சினின் முன்புறத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரப்பர் பெல்ட்டை, அது அறுந்து வண்டி நடுவழியில் நிற்கும் நாள் வரையில் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. சாதாரணமாகச் சில நூறு ரூபாயில் கிடைக்கக்கூடிய அப்பொருள் அறுந்ததை அறியாமல், அல்லது அறிந்தும் பொருட்படுத்தாமல் சிறிது தூரம் ஓட்டிவிட்டாலும் எஞ்சினையே பிரித்துச் செப்பனிட வேண்டிய நிலைமை ஏற்படக்கூடும். அந்தச் செலவு சங்கத்தின் பணத்திலிருந்து, அதாவது அங்கத்தினர்களின் பணத்திலிருந்தே போக வேண்டியிருக்கிறது.

எஞ்சினுக்குள் பெட்ரோலோ டீசலோ எரிவதால் உண்டாகும் சக்தி கிராங்க் ஷாப்ட் என்னும் தண்டைச் சுழற்றுகின்றது. அத்தண்டின் முன்முனையில் ஒரு கப்பி இருக்கிறது. அந்தக் கப்பியின்மேல் ஓடும் பெல்ட், சுழற்சியைப் பக்கத்திலுள்ள வேறு கப்பிகளுக்குக் கொண்டு செல்லுகிறது. அக்கப்பிகளில் ஒன்று ரேடியேட்டர் ஜலத்தை எஞ்சினைச் சுற்றி ஓடச் செய்யும் பம்பினுடையது. மற்றொன்று பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரினுடையது. வண்டியின் அமைப்பிற்கேற்பக் காற்றாடியும், ஸ்டியரிங்கை இலகுவாக்கும் பம்பும், குளிர்சாதனமும் இதே பெல்ட்டினால் ஓடலாம். 2014ஆம் வருஷத்தில் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் காரில் காற்றாடி, ஜலப் பம்பு, மின்சார யந்திரம் ஆகிய மூன்றையும் ஒரே பெல்ட் ஓட்டியது. இதனாலேயே ‘ஃபேன் பெல்ட்’ என்னும் பெயர் நம்மவர் வாயில் நிலைத்துவிட்டது. காற்றாடி தனி மின்சார மோட்டாரினால் ஓடும் புதிய வண்டிகளிலும் அப்பெயரையே சொல்லுகிறார்கள்.

பெல்ட்டுகளில் முக்கியமாக இரண்டு விதமுண்டு. ஒன்று, குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும் வி பெல்ட். 1917ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள டென்வர் நகரத்து ஜான் கேட்ஸ் என்பவர் ரப்பரையும் நூலையும் கொண்டு இதனை மோட்டார் வண்டிக்கென்று அமைத்தார். மதுரையிலுள்ள பென்னர் ஸ்தாபனத்தார் இத்தகைய பெல்ட்டுகளைப் பல்லாண்டுகளாகச் செய்து வருகின்றனர். மற்றொன்று, தட்டையாகவும் உட்புறத்தில் நீளவாக்கில் பல வரிகள் உடையதாகவும் இருப்பது. புதிய கார்களிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் இதுவே மிகுதி. ஒரே நீண்ட பெல்ட் பாம்பைப்போல் வளைந்து எல்லாக் கப்பிகளையும் சுற்றிவரும். அதன் இறுக்கத்தை வில்லுடன் கூடிய டென்ஷனர் கப்பி ஒன்று தானே பார்த்துக்கொள்ளும்.

வி பெல்ட் கப்பியைப் பிடிப்பது அடிப்பாகத்தினால் அன்று, இரண்டு பக்கங்களினால்தான். மரத்தில் ஆப்பு இறங்குவதைப்போல் அது கப்பியின் பள்ளத்தில் இறுகி நின்று இழுக்கிறது. பக்கங்கள் தேய்ந்துவிட்டால் பெல்ட் கீழே இறங்கிப் பள்ளத்தின் அடியைத் தொடும். அப்பொழுது ஆப்பின் பிடி போய், பெல்ட் வழுக்கத் தொடங்குகிறது. வழுக்கினால் சூடு உண்டாகும். சூட்டினால் ரப்பர் கெட்டியாகிக் கண்ணாடிபோல் பளபளக்கும். பளபளத்த பெல்ட் முன்னிலும் அதிகமாக வழுக்கும். கப்பிப் பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னுமாயின் அந்தப் பெல்ட்டின் காலம் முடிந்ததென்றே கொள்ள வேண்டும். அதை மேலும் இறுக்கி ஓட்டப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

இவ்விடத்தில் அரிசி மில்லின் பழக்கம் ஒன்றைப்பற்றிச் சொல்லுவது அவசியம். மில்லில் ஓடும் தட்டையான தோல் பெல்ட் வழுக்கினால் குங்கிலியம் தூவுவதும், ஆமணக்கெண்ணெய் தடவுவதும், அறுந்தால் கொக்கியடித்துச் சேர்ப்பதும் உண்டு. அந்த வேலை தெரிந்தவர்கள் மோட்டார் எஞ்சினிலும் அவ்வாறே செய்ய முற்படுகின்றனர். எண்ணெயும் கிரீசும் ரப்பரை ஊறச் செய்து கெடுக்கும். சோப்புத் தடவினால் சத்தம் சிறிது நேரம் அடங்குமேயன்றி நோய் தீராது. அறுந்த வி பெல்ட்டை ஒட்டியோ தைத்தோ சேர்த்து நம்பகமாக ஓட்டவும் முடியாது.

பெல்ட் அறுவதற்கு முன் பல நாட்கள் எச்சரிக்கை கொடுக்கிறது. காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடனும், இரவில் முன்விளக்குகளைப் போட்டவுடனும் ‘கிரீச்’ என்று கூவுவது முதல் அடையாளம். ஆல்டர்னேட்டருக்குப் பாரம் ஏறும்பொழுது தளர்ந்த பெல்ட் வழுக்குவதாலேயே அக்கூவல் எழுகிறது. எஞ்சினை நிறுத்திக் குளிர்ந்தபின் பெல்ட்டைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தால் குறுக்கு வெடிப்புகளும், ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குவதும், வரிகளில் துண்டு பெயர்ந்திருப்பதும் தெரியும். இவற்றில் எது கண்டாலும் புதுப் பெல்ட் போடுவதே முறை. ஆனால் வெடிப்பு இல்லையென்பதால் மட்டும் பெல்ட் நன்றாக இருக்கிறதென்று எண்ணலாகாது. இக்காலத்து வரிப் பெல்ட்டுகள் பலவும் இ.பி.டி.எம். என்னும் ரப்பரால் ஆனவை. அவை எளிதில் வெடிப்பதில்லை. டயர் தேய்வதுபோல் மெல்ல மெல்லத் தேய்கின்றன. வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் அகன்று ஆழமாகி, பார்வைக்குப் புதிதுபோலவே தோன்றும் பெல்ட் வழுக்கிக் கொண்டிருக்கும். பள்ளத்தின் தேய்மானத்தை அளக்கும் சிறு அளவுகோல் மெக்கானிக்கிடம் இருந்தால், அதைக் கொண்டு பார்க்கச் சொல்ல வேண்டும்.

சத்தத்தின் காரணத்தை அறிய எளிய பரீட்சை ஒன்றுண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுது, கையைத் தூர வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப்புறத்தில் சிறிதளவு ஜலத்தைப் பீச்ச வேண்டும். சத்தம் நின்று சற்று நேரத்தில் மீண்டும் வந்தால் கப்பிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லையென்று ஊகிக்கலாம். சத்தம் முன்னிலும் அதிகமானால் இறுக்கம் போதாதென்று கொள்ளலாம். இந்தப் பரீட்சை செய்பவர் மேல்துண்டையும் தொங்கும் சட்டைக் கையையும் முன்னதாகவே கழற்றி வைக்க வேண்டும். ஓடுகின்ற பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவே துணி அகப்பட்டால் விரல்களும் உடன் போகும். மின்சாரக் காற்றாடி உள்ள வண்டிகளில், எஞ்சின் நின்றிருந்தாலும் சூட்டினால் காற்றாடி தானே சுழலத் தொடங்குவதுண்டு. சாவியை எடுத்துவிட்டோமே என்று அதன் அருகே கை வைப்பது ஆபத்து.

இனி, வழியில் பெல்ட் அறுந்துவிட்டால் நேர்வதைக் கவனிப்போம். முதலில் டிரைவரின் முன்னே பாட்டரியின் சிவப்பு விளக்கு எரியும். பிறகு உஷ்ணமானியின் முள் ஏறும். சில வண்டிகளில் ஸ்டியரிங் திடீரெனக் கனக்கும். இவற்றையெல்லாம்விட முக்கியமானதும், அநேக டிரைவர்களுக்கே தெரியாததுமான விஷயம் ஒன்றுண்டு. டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்கிற்கு உதவும் வாக்குவம் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. பெல்ட் அறுந்தால் அதுவும் நின்றுவிடும். தொட்டியில் மிஞ்சியுள்ள வாக்குவம் இரண்டொரு முறை பிரேக் அழுத்துவதற்கே போதும். அதன்பின் பெடல் கல்லைப்போல் கெட்டியாகும். முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும். மூட்டைகளோடு இறக்கத்தில் செல்லும் வண்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை. சிவப்பு விளக்கு எரிந்தவுடன் பிரேக்கை அடிக்கடி தொட்டுப் பாராமல், கியரைக் குறைத்து வேகத்தைத் தணித்து, ஒரே அழுத்தில் ஓரமாக நிறுத்துவதே உத்தமம்.

பழைய மாதிரி டீசல் எஞ்சினில் மற்றொரு மயக்கமும் உண்டு. எண்ணெயைப் பீச்சும் பம்பு யந்திர அமைப்பாக இருப்பதனால், மின்சாரம் இல்லாமலே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். “வண்டி ஓடுகிறதே, ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்” என்று டிரைவருக்குத் தோன்றும். ஜலப் பம்பு நின்றுவிட்டபடியால் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள ஜலம் ஓட்டமின்றித் தேங்கிக் கொதிக்கத் தொடங்கும். அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் கோணும். அதன் கீழுள்ள காஸ்கெட் எரியும். ஜலம் எண்ணெயோடு கலக்கும். கொதித்து ஜலம் வெளியேறியபின் உஷ்ணமானியின் முள் கீழே இறங்குவதும் உண்டு. அளக்கும் கருவி ஜலத்தில் மூழ்கியிராமல் ஆவியில் நிற்பதே அதற்குக் காரணம். அதைச் சூடு தணிந்ததாகக் கருதி மேலும் ஓட்டுபவர் எஞ்சினை முற்றிலும் இழப்பார்.

நிறுத்திய பின்பு ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. மூடியின் அழுத்தத்தினாலேயே உள்ளேயிருக்கும் ஜலம் சாதாரணக் கொதிநிலையையும் தாண்டி ஆவியாகாமல் நிற்கிறது. திறந்த மாத்திரத்தில் அது பீறிட்டு முகத்தையும் மார்பையும் வேகச் செய்யும். குறைந்தது அரைமணி நேரமேனும் பொறுத்து, மூடி கைக்குச் சூடாக இல்லையென்று கண்டபின், கனத்த துணியைப் போட்டுச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். சூடான எஞ்சினில் பச்சை ஜலத்தைக் குடங்குடமாகக் கொட்டினால் இரும்பு வெடிக்கும்.

கயிற்றையோ சைக்கிள் டியூபையோ கப்பிகளில் இறுக்கிக் கட்டி ஊர் சேர்ந்தவர்களின் கதைகள் எங்கும் உண்டு. இரண்டு மூன்று கப்பிகளே உள்ள பழைய வி பெல்ட் எஞ்சினில் அத்தகைய கட்டு சிறிது தூரம் தாங்கலாம். வரிப் பெல்ட்டிற்கு இது உதவவே உதவாது; கட்டு பிரிந்து வேறு கப்பியில் சிக்கிக்கொண்டால் நஷ்டம் இரட்டிப்பாகும். ஜலப் பம்பு இந்தப் பெல்ட்டினால் ஓடாத வண்டிகளும் இருக்கின்றன. அவற்றில், பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியாக இருந்தால், விளக்குகளையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டுப் பகற்பொழுதில் பாட்டரியின் பலத்தில் அருகிலுள்ள பட்டறை வரை செல்லலாம். தம் வண்டி எந்த வகையைச் சேர்ந்ததென்று டிரைவர் முன்கூட்டியே கேட்டு அறிந்திருக்க வேண்டும்.

புதுப் பெல்ட் போடும்பொழுது பழையதின்மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். ‘6 பிகே 1200’ என்றிருந்தால் வரிகள் ஆறு, நீளம் 1200 மில்லிமீட்டர் என்று பொருள். ஒரு வரி குறைந்தாலும் கூடாது. நீண்ட பெல்ட் எந்தக் கப்பியின் மேலாகவும் எதன் கீழாகவும் செல்லுகிறதென்பதைக் கழற்றுமுன் காகிதத்தில் வரைந்துகொள்ளலாம். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாலும் சரி. வழி மாறிப் போட்டால் ஜலப் பம்பு எதிர்ப்புறமாகச் சுழலும். வி பெல்ட்டைத் திருப்புளியால் நெம்பிக் கப்பியில் ஏற்றலாகாது. உள்ளிருக்கும் நூல்கள் அறுந்து, புதுப் பெல்ட் சில நாளிலேயே போய்விடும். ஆல்டர்னேட்டரின் திருகாணிகளைத் தளர்த்தி உட்புறம் தள்ளி, பெல்ட்டைக் கையால் மாட்டி, பிறகு வெளியே இழுத்து முடுக்க வேண்டும். கப்பிகளுக்கு நடுவேயுள்ள நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்குவது பொதுவாகச் சரியான இறுக்கம். வண்டியோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு கூறியிருந்தால் அதுவே பிரமாணம். அதிகமாக இறுக்கினால் ஜலப் பம்பின் பேரிங்கும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் கெடும். புதுப் பெல்ட் சிறிது ஓடியபின் இளகுமாதலால், கால்மணி நேரம் எஞ்சினை ஓட்டி நிறுத்தி மறுபடியும் இறுக்கம் பார்க்க வேண்டும். லாரிகளில் இரண்டு வி பெல்ட்டுகள் ஜோடியாக ஓடினால், ஒன்று அறுந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது முறை. பழையது நீண்டிருக்குமாதலால் பாரம் முழுவதும் புதியதின்மேல் விழும்.

பெல்ட் ஏன் அறுந்தது என்று கேளாமல் புதியதைப் போட்டு அனுப்பும் பட்டறைக்காரர்கள் ஏராளம். பெல்ட் இல்லாத அந்தச் சமயத்திலேயே ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றிப் பார்த்தால், கரகரப்பும் ஆட்டமும் உள்ள பேரிங் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எண்ணெயோ ரேடியேட்டர் ஜலமோ பெல்ட்டின்மேல் சொட்டியதா, சங்கத்துக் கிடங்கில் வண்டி நின்றிருந்தபொழுது எலி கடித்ததா என்பனவும் பார்க்கத் தக்கவை. டிராக்டரில் வைக்கோலும் உமியும் கப்பிப் பள்ளத்தில் சேர்ந்து பெல்ட்டைத் தள்ளிவிடுவது அறுவடைக் காலத்தில் சகஜம்.

டைமிங் பெல்ட் என்பது இதனின்றும் முற்றிலும் வேறு. அது மூடிக்குள் மறைந்து ஓடி வால்வுகளை இயக்குவது. அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி நொறுங்கும். எல்லா வண்டிகளிலும் இது இல்லை. சங்கிலி உள்ளவையும் உண்டு. உள்ள வண்டிகளில், புத்தகம் கூறும் கிலோமீட்டர் கணக்கு நிரம்பியவுடன், வெளிப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றியே தீர வேண்டும். அது அறுந்ததாகச் சந்தேகம் தோன்றினால் எஞ்சினை மறுபடி கிளப்பிப் பார்க்கலாகாது.

சங்கத்துப் பஞ்சாயத்தார் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மாற்றுப் பெல்ட்டையும், அதற்கு வேண்டிய ஸ்பானர்களையும் வைத்திருக்க ஏற்பாடு செய்யலாம். வெயில் படாமலும் எண்ணெய் படாமலும் காகிதத்தில் சுற்றி ஆசனத்தின் பின்னால் வைக்க வேண்டும். ஆணியில் மடித்துத் தொங்கவிட்டால் மடிந்த இடத்தில் ரப்பர் வெடிக்கும். வண்டிப் புத்தகத்தில் பெல்ட் மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் எழுதிவைத்து, மாதந்தோறும் கணக்குப் பார்க்கும் நாளில் பானெட்டைத் திறந்து ஒரு விளக்கைக் காட்டிப் பார்க்க ஐந்து நிமிஷமே பிடிக்கும். கழற்றிய பழைய பெல்ட்டை அன்றே வெட்டி எறிந்துவிடுவது நல்லது. கிடங்கில் கிடந்தால் அவசரத்தில் யாராவது அதையே எடுத்து மறுபடியும் மாட்டிவிடுவார்கள்.