நாம் செய்த போர் விமானம்

கோடம்பாக்கம் என்றால் சினிமா என்று பொருளாகி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அங்கே பலகையும் அட்டையும் கொண்டு அரண்மனை எழுப்புவார்கள்; கதைக்கு வேண்டுமானால் ஆகாய விமானமும் செய்வார்கள். படப்பிடிப்பு முடியும் வரையில் வர்ணம் மங்காதிருந்தால் போதும். பிறகு அதைப் பிரித்துப் போட்டாலும் எவருக்கும் நஷ்டமில்லை. ஆனால், கோடம்பாக்கத்திலிருந்து தெற்கே சென்று அடையாற்றைக் கடந்தால், கோட்டூர்புரத்துப் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் மெய்யான போர் விமானம் ஒன்று நிற்கிறது. அதற்கும் வர்ணம் மட்டும் போதும் என்று நாம் எண்ணிவிடலாகாது.

அதன் பெயர் மாருத். அந்நிய நாட்டில் விலைக்கு வாங்கியதன்று. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் நம்மவர் கைகளால் உருவானது. ஜெர்மன் நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் நம் பொறியாளர்கள் வரைந்த இவ்விமானம், 1961 ஜூன் 17-ந் தேதி முதன்முதலாகப் பறந்தது. அன்று அதைச் செலுத்திய சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரியில் மாருத் ஒன்றைச் சோதித்துப் பறக்கையிலேயே உயிர் நீத்தார். போதிய வலிமையுள்ள எஞ்சின் கிடைக்காததால், எண்ணிய வேகத்தை மாருத் எட்டவில்லை. இக்குறையை மறைக்க வேண்டுவதில்லை. இருந்தும் 1971 டிசம்பர் யுத்தத்தில் ராஜஸ்தான் பாலைவன முனையில் அது தன் கடமையைச் செய்தது. இரண்டு எஞ்சின்களில் ஒன்று பழுதான பின்பும் மற்றொன்றின் துணைகொண்டு தளம் திரும்பிய மாருத்கள் உண்டு. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1990-ஆம் ஆண்டையொட்டி அவை யாவும் ஓய்வு பெற்றன.

ஓய்வு பெற்ற விமானத்தைப் பிறர் எவ்வாறு பேணுகிறார்கள் என்பதையும் பார்ப்போம். 1939-இல் நம்மைக் கேளாமலே நம் தேசத்தை யுத்தத்தில் இறக்கினார்கள். அந்த யுத்தத்துக்காக இந்த மாகாணத்தில் பணமும் திரட்டினார்கள். அதன் அடையாளமாகப் பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆம் அணிக்குச் சென்னை மாகாணத்தின் பெயரையே சூட்டினார்கள். அந்த யுத்தத்தில் அவ்வணி முதலில் போரிட்டது டிபயன்ட் என்ற விமானத்தில். ஆயிரத்துக்கு மேல் செய்யப்பட்ட அவ்வகையில் இன்று முழு உருவில் எஞ்சியிருப்பது ஒன்றே. அதுவும் போலந்து வீரர்களின் அணியில் இருந்தது. அதை ராச்செஸ்டர் நகரில் தொண்டர்கள் சிலர் எடுத்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து, 2012-இல் செப்பனிட்டு முடித்தார்கள். அது மீண்டும் பறப்பதற்காக அன்று. கண்ணால் காண்பதற்காகவே அவ்வளவு உழைப்பு!

நம் மாருத்துக்கு நாம் செய்ய வேண்டியது என்ன? விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவைத் தகடு. அதைப் பிணைக்கும் பாகங்கள் சிலவோ எஃகு. சென்னையின் உப்புக் காற்றிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் இவ்விரண்டும் சேருமிடத்தில் அரிப்புத் தொடங்கும். அரித்த தகட்டின் மேல் வர்ணம் பூசினால் நோய் மறையுமேயன்றித் தீராது. ஆகவே பழைய பூச்சை நீக்கி, அரிப்பைச் சுரண்டி, காப்புப் பூச்சிட்ட பின்னரே வர்ணம் தீட்ட வேண்டும். நீர் வடியும் துளைகள் அடைபடலாகாது. காற்றுப் புகும் வாய்களில் பறவைகள் கூடு கட்டாதபடி வலை வேண்டும். விமானத்தின் பாரம் சக்கரங்களின் மேலேயே நிற்காதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும்.

இதற்கு ஆள் பஞ்சம் நமக்கில்லை. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் கற்பிக்கும் எம்.ஐ.டி. இருக்கிறது. ஓய்வு பெற்ற தொழில் வல்லுநர்களையும் மாணவர்களையும் ஒன்றுசேர்த்து ஒரு குழு அமைத்து, வருஷந்தோறும் சோதித்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க ஏற்பாடு செய்தால் போதும். செலவும் பெரிதல்ல.

மாருத்தைப் போன்ற விமானம் இனிச் செய்யப்படப் போவதில்லை. இருப்பதை இழந்தால், வருந்தலாமேயொழிய மீட்க முடியாது. மையத்தை நடத்தும் அதிகாரிகளும், சென்னை வாசிகளான நாமும், அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே இதில் கருத்தைச் செலுத்துவது அவசியம்.