கிரிப்டோ வாங்கியாச்சு, சாவி யாரிடம்?

செயலியில் பிட்காயின் வாங்கியதும் அது நம் கைக்கு வந்துவிட்டதாக நினைக்கிறோம். எக்ஸ்சேஞ்சில் இருக்கும்வரை சாவி அவர்களிடம்தான். 2014-ல் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் திவாலானது; நாணயம் வைத்திருந்தவர்கள் பத்தாண்டுகள் காத்திருந்தார்கள்.

சொந்த வாலட் தொடங்கினால் பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் தருவார்கள். அவைதான் சாவி. தாளில் எழுதிப் பூட்டி வைப்போம். செல்போனில் படமெடுக்க வேண்டாம். 'கஸ்டமர் கேர்' என்று டெலிகிராமில் வந்து அதைக் கேட்பவர் திருடர், சந்தேகமே இல்லை.

அனுப்பும்போது முதலில் சிறுதொகை அனுப்பிப் பார்க்கலாம். முகவரி தவறினால் முறையிட வங்கி மேலாளர் கிடையாது. விற்று லாபம் பார்த்தால் இந்தியாவில் 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

சொற்கள் இருக்குமிடம் வீட்டில் நம்பகமான ஒருவருக்காவது தெரியட்டும். இல்லையேல் நமக்குப்பின் வாரிசுகளுக்கு எதுவும் கிடைக்காது.