மாருதி எஞ்சினில் ஒரு பந்தயக் கார்

பிர்லா குடும்பம்தான் அம்பாசடர் காரைத் தந்தது. 1950களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு உருவத்தைப் பெரிதாக மாற்றாமலே 2014 வரை அதைத் தயாரிக்க முடிந்தது. முன்பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க ஆள் இருந்த காலத்தில், பந்தயத்தில் ஜெயித்துப் பெயர் வாங்கும் அவசியம் எந்தத் தொழிற்சாலைக்கும் வரவில்லை. அமெரிக்காவிலோ பந்தய விதிதான் தொழிற்சாலையை ஆட்டிவைத்தது. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் 5 லிட்டருக்கு மேல் எஞ்சின் கூடாது என்றார்கள். அந்த வரம்புக்குள் அடங்கும்படி செவ்ரலே 1967இல் கமாரோ இசட்/28 செய்தது. அந்த ஆண்டில் வந்தவை 602தான். நாஸ்கார் பந்தயத்தில் இறங்க 500 கார்களாவது பொதுமக்களுக்காகத் தயாராக வேண்டியிருந்தது. அதற்காகவே 1969இல் டாட்ஜ் சார்ஜர் டேடோனா பிறந்தது. கூரிய மூக்கு, பின்னால் ஏறக்குறைய இரண்டடி உயர இறக்கை. கடைத்தெருவுக்குப் போய்வர இது எதற்கு என்று வாங்கியவர்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். ஆனால் 1970 மார்ச்சில் பந்தய ஓட்டுநர் பட்டி பேக்கர் இதே வகைக் காரில்தான் மணிக்கு 200 மைலைத் தாண்டினார்.

இந்தியாவில் நடந்தது தலைகீழ். அங்கே பந்தயக் கார் வீதிக்கு வந்தது. இங்கே வீட்டுக் காரின் எஞ்சின் பந்தயத்துக்குப் போனது. சென்னைக்கு அருகே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளமே பந்தயத் தடம். கையில் கிடைத்த பியட்டைத்தான் பலரும் பிரித்துக் கோர்த்து ஓட்டினார்கள். 1980களில் கோவை எஸ். கரிவரதன் ஒரு படி மேலே போனார். மாருதி 800இன் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தினார். பார்முலா மாருதி என்று பெயர்பெற்ற இந்தக் காருக்கு எஞ்சின் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைத்தன. என் கணக்கில், நம் ஊர் மோட்டார் பந்தயத்துக்கு இதைவிடப் பெரிய உதவியை வேறெந்தக் காரும் செய்யவில்லை.

நாற்பது குதிரைத்திறனைக்கூட எட்டாத எஞ்சினை 290 குதிரைத்திறன் கமாரோவோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். வேகத்தில் முடியாதுதான். ஆனால் எல்லாரிடமும் ஒரே எஞ்சின் இருக்கும்போது பணபலம் பின்னுக்குப் போய், ஓட்டுபவரின் கை முன்னுக்கு வருகிறது. பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் உருவானது பார்முலா மாருதியால் அல்ல, அவர் பிரான்சிலும் இங்கிலாந்திலும் பயின்றவர்தானே என்பது அடுத்த மறுப்பு. உண்மை, ஆனால் அவருடைய முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூரில், பார்முலா மாருதியில். 2005இல் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரும் அவரே. இந்தக் கார்களால் இந்திய எஞ்சின் தொழில்நுட்பம் வளரவில்லை என்றால் மட்டும் மறுக்க வழியில்லை. 1995இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தபோது, பந்தயத்துக்கென்றே கார் செய்து விற்கும் பெரிய ஆலை ஒன்றுகூட இந்தியாவில் இல்லை.