பெற்றோர் பெயர் தெரியாத ரோஜா

பூக்கடையில் நீண்ட காம்பின் நுனியில் ஒற்றையாக நிற்கும் ரோஜாவைப் பார்த்திருப்பீர்கள். 'ஹைபிரிட் டீ' எனப்படும் அவ்வகையின் முதல் ரோஜாவாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது, வெள்ளி கலந்த இளஞ்சிவப்பு நிறமுள்ள 'லா பிரான்ஸ்'. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் நாற்றுப்பண்ணை நடத்திய கியோ என்பவர் 1867-இல் இதனை வெளியிட்டார். ஆண்டு, ஊர், ஆள் எல்லாம் ஏட்டில் உள்ளன. பெற்றோர் யாவர் என்பதற்கு மட்டும் உறுதியான சான்று கிடையாது. தேனீ சுமந்து வந்த மகரந்தத்திற்குக் கணக்கு எழுதுபவர் யார்? பிற்காலப் பட்டியல்கள் கூறும் பெயர்கள் ஊகங்களே.

ஆனால் செடிக்குள்ளேயே ஓர் ஏடு இருக்கிறது. ரோஜாவின் குரோமோசோம்கள் ஏழு ஏழான தொகுதிகளாக அமைந்தவை. 'டீ' ரோஜாக்களில் பெரும்பாலும் 14. 'ஹைபிரிட் பெர்பெச்சுவல்' வகையில் பெரும்பாலும் 28. இரண்டும் தத்தம் பாதியைக் கொடுத்தால் 7 + 14 = 21. லா பிரான்சில் இருப்பதும் 21தான்! ஆகவே எந்த இரு வகைகள் கலந்தன என்று நம்பிச் சொல்லலாம். எந்த இரு செடிகள் என்று சொல்ல இயலாது.

21-ஐச் சமபாதியாகப் பிரிக்க முடியாது அல்லவா? மூன்று தொகுதிகளும் ஒழுங்காக ஜோடி சேராமையால் இச்செடியில் விதை பிடிப்பது மிக அரிது. எனவே ஒட்டுக்கட்டியே பெருக்கினார்கள். இன்றுள்ள உண்மையான லா பிரான்ஸ் செடி ஒவ்வொன்றும் கியோவின் அந்த ஒரே செடியின் துண்டுதான்.