மழை லீவுக்கு ஈடான சனிக்கிழமை

மழைக்கு விட்ட லீவை ஈடுகட்ட கொடைக்கானலில் சனிக்கிழமை வகுப்பு. கணக்கு ஆசிரியர் வரவில்லை, ஏழாம் வகுப்பு என் தலையில். "சார், லீவு நாள்தானே, விளையாட விடுங்க" என்று ஒரே கூச்சல். புத்தகத்தைத் திறந்தால் தோற்றுவிடுவேன். வெயில் அடித்தது, மரத்தடிக்குக் கூட்டிப்போனேன்.

தரையில் வட்ட வட்டமாக வெளிச்சப் பொட்டுகள். இலை இடுக்கு கோணல்மாணலா இருக்கு, பொட்டு மட்டும் ஏன் வட்டம்? "சூரியன் வட்டம் சார்" என்றான் ஒருத்தன். அதேதான். ஒவ்வொரு சின்ன இடுக்கும் சூரியனின் படத்தைத் தரையில் விழவைக்கிறது.

அட்டையில் ஊசித்துளை போட்டு, இரண்டு மீட்டர் தள்ளி வெள்ளைத்தாள் பிடித்தோம். (தாளைத்தான் பார்க்கணும், சூரியனை அல்ல.) படத்தின் விட்டம் சுமார் 19 மி.மீ. அதாவது தூரத்தில் 105-ல் ஒரு பங்கு. சூரியன் இருப்பது 15 கோடி கி.மீ. தூரத்தில். அதை 105-ஆல் வகுத்தால் சூரியனின் விட்டம், 14 லட்சம் கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். உண்மை அளவு 13.9 லட்சம்! பிள்ளைகளே வகுத்துப் பார்த்தார்கள்.

சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்ததும் இதே ஊர் வான் ஆய்வகத்தில்தான் என்றேன். அதற்குள் மேகம் மூடிவிட்டது. "சார், போச்சே!"

பதில் வகுப்புக்குப் போறவங்க ஒரு அட்டை, ஊசி, ஸ்கேல் பையில் வெச்சுக்கோங்க.